நிலையில் ஒரு கோடு

அந்தத் தச்சர் அளந்தால் அளந்ததுதான், கண்ணுகளா. அவர் சேர்த்த மூட்டில் மயிரிழைகூட நுழையாது.

ஆறு வயசு மகள் இறந்து இரண்டு வருஷம் கழித்து, தம் வீட்டுக் கதவு நிலைக்குப் பூவேலைப் பட்டை அடிக்க உட்கார்ந்தார். நிலையில் அவள் உயரத்தைக் குறித்த கடைசிப் பென்சில் கோடு இருந்தது.

"அதை மட்டும் மூடிடாதீங்க," என்றாள் மனைவி.

அதனால் கோட்டுக்குக் கீழே ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு. தரையிலிருந்து கோடு வரை நாற்பத்து நாலு அங்குலம். அறுத்து வைத்துப் பார்த்தார். கீழ்த்துண்டு விரற்கடை குறைந்தது. மேல்துண்டு அதே விரற்கடை கூடியது.

"ஊரார் வீட்டுல நேரா ஓடுற வாள், நம்ம வீட்டுல கோணுதாக்கும்?" என்று சிரித்தாள்.

மறுபடி அளந்தார். நாற்பத்தைந்து. அறுத்தார். மறுபடியும் குறைந்தது. மனைவியின் சிரிப்பு நின்றுபோனது.

சாயங்காலம் கோடு நாற்பத்தெட்டில் இருந்தது.

"இனி அறுக்க மரமில்லைம்மா," என்றார்.

அவள் மகளின் பள்ளிக்கூடக் கவுனை மடியில் போட்டு, கீழ்மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மடிப்பும் தீர்ந்துபோச்சுங்க. இதுக்கு மேல இறக்கத் துணியில்லை."

அவர் டேப்பை மறுபடி நிலையில் வைத்தார். நாற்பத்தொன்பது.