ஓர் எலும்பும் முறியவில்லை

சியாமின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சுவேதினியின் இரத்தம். மகளின் இரத்தத்தைக் கண்டதும் றஞ்சிதம் காலில் கிடந்த செருப்பைக் கழற்றினாள்.

"ஒண்டைத் திண்டது காணாதெண்டு மற்றதுக்கும் வந்திட்டியோடா?"

முதல் அடி அவனுடைய தோளில் விழுந்தது. அடுத்ததையும் அவன் கைகொண்டு மறிக்கவில்லை. ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

"அன்ரி, பாலத்தடியில தங்கச்சியைச் சைக்கிளோட சேர்த்து டிப்பர் லொறி ஒண்டு அடிச்சுப் போட்டுது. நான் பின்னால ஓட்டோவில வந்தனான். தூக்கி ஏத்திக்கொண்டு வந்தது மட்டுந்தான் நான் செய்தது."

"ஓ, தூக்கினியோ! மகளைத் தூக்கத் தெரிஞ்ச உனக்கு, அண்டைக்கு என்ரை மகனைத் தூக்கத் தெரியேல்லையோ?"



மகன் என்றது அவளுடைய மூத்தவன் டினேஷை. சில வருடங்களுக்கு முன், ஒரு பாஸ்குப் பண்டிகை லீவில், அவனும் சியாமும் இறங்குதுறையில் இருந்து ஒன்றாகக் குதித்தார்கள். சியாம் மட்டும் ஏறி வந்தான்.

அந்தக் கரையில் பிள்ளைக்கு நீச்சல் பழக்குவது என்று ஒன்று கிடையாது. பல் விழுந்து முளைக்கிற வயதில் தகப்பன் பிள்ளையைத் தூக்கி வள்ளத்தில் இருந்து கடலில் போடுவான். பிள்ளை அழுதுகொண்டு தானாக மேலே வரும். டினேஷுக்கு அந்த வயது வருமுன்னே தகப்பன் வலன்ரைன் ஷெல்லடியில் போய்விட்டான். பொடியன் முருங்கனில் பெரியம்மா வீட்டில், வயற்கரையில் வளர்ந்தான்.

நீந்தத் தெரியாத பிள்ளை தாழ்ந்துவிட்டது என்று பொலிஸ் சியாமை விட்டது. றஞ்சிதம் விடவில்லை. அவனுடைய ஓட்டோவில் ஏறப்போனவர்களைக் கையைப் பிடித்து இறக்கினாள். அவனுக்குப் பெண் பேசிய உப்புக்குளத்து வீட்டு வாசலில் போய் நின்று, "கொலைகாரனுக்கோ பொம்பிளை குடுக்கப் போறியள்?" என்று கத்திவிட்டு வந்தாள். அந்தச் சம்பந்தம் அன்றோடு நின்றுபோனது.

"நான் திரும்பத் திரும்பச் சுழியோடிப் பிடிச்சனான், அன்ரி," என்றான் சியாம். எத்தனையோ தடவை சொன்னதுதான். "சேட்டிலயும் பிடிச்சன், தலைமயிரிலயும் பிடிச்சன். என்னால இழுக்க ஏலேல்லை. அவ்வளவு பாரம்."

"பாரமோ? எலும்பும் தோலுமாத் திரிஞ்சவன் உனக்குப் பாரமோ? வாய் கூசேல்லையோ உனக்கு?"

செருப்பு மறுபடி உயர்ந்தது. மருந்துக்கு வந்து கதிரையில் இருந்த ஆசியா உம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அடிக்கிறதெண்டா வெளிய கொண்டுபோய் அடிங்க புள்ள. உள்ளுக்கு இருக்கிற ஆக்களுக்கே கட்டில் காணாது."

அந்த நேரம் கதவு திறந்தது. டொக்டர் நிறஞ்சலா, எக்ஸ்ரே படத்தோடு வெளியே வந்தார். இளம் வயது. முகத்தில் களைப்பும் ஒரு வகை ஆச்சரியமும்.

"சுவேதினியின்ரை அம்மா ஆர்? முதல்ல அந்தச் செருப்பைக் காலில போடுங்கோ. பிள்ளைக்கு நெத்தி வெடிச்சதால நிறைய இரத்தம் போயிருக்கு. தையல் போட்டிருக்கிறம். ஓர் எலும்பும் முறியேல்லை."

றஞ்சிதம் செருப்பைப் போடவில்லை. "டிப்பர் அடிச்சதெண்டான். டிப்பர் அடிச்சா முறியாமல் இருக்குமோ? பாருங்கோ டொக்டர், இவன் வாயைத் திறந்தாப் பொய்!"

"பொய்யில்லை. சைக்கிள் வாசலில கிடக்கு, போய்ப் பாருங்கோ, ரெண்டா மடிஞ்சு போச்சு." டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "உங்கடை மகளுக்கு எலும்பு இந்த வயதிலயே அளவுக்கு மீறின அடர்த்தி. எங்களுக்கு முறியிற இடத்தில அவவுக்கு முறியாது. ஆயிரத்தில ஒருத்தருக்குக்கூட இப்பிடி வராது. கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கவேணும்."

"ஏதும் நோய் வருத்தமோ டொக்டர்?"

"பிறப்பிலயே வாறது. குடும்பத்திலயும் வரும். மேலண்ணத்தில கட்டி மாதிரி எலும்பு துருத்திக்கொண்டிருக்கு. உங்கடை மற்றப் பிள்ளையளுக்கு இருக்கோ?"

றஞ்சிதத்தின் குரல் முதல் தடவையாக இறங்கியது.

"மூத்தவனுக்கு இருந்தது. வாய்க்குள்ள கற்கண்டு ஒளிச்சு வைச்சிருக்கிறியோ எண்டு பகிடி பண்ணுவன். பனையால விழுந்தும் சிரிச்சுக்கொண்டு எழும்பி வந்த பிள்ளை." பிறகு சியாமைப் பார்த்தாள். குரல் பழையபடி ஏறியது. "என்ரை பிள்ளையளுக்குத் தானா ஒண்டும் நடவாது. ஆராவது செய்தாத்தான் நடக்கும்!"

டொக்டர் கொழும்புக்கு அனுப்பத் துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். இந்தச் சண்டையின் தலையும் காலும் அவருக்குத் தெரியாது.

"மகள் கடலில இறங்கிறவவோ, அம்மா?"

"மூத்தவன் போனபிறகு கரைப்பக்கமே விட்டதில்லை. ஆனா இறங்கினாலும் எனக்குப் பயமில்லை." றஞ்சிதம் செருப்பைச் சியாமின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கடற்காரன்ரை பிள்ளை தண்ணியில போட்டா மிதக்கும். ஒருத்தன் பிடிச்சு அமத்தினாத்தான் தாழும்!"

டொக்டர் எழுதுவதை நிறுத்தாமலே தலையாட்டினார்.

"இல்லையம்மா, இப்பிடி எலும்பு உள்ளவை மிதக்கமாட்டினம்."