காவல் மணி

சுரங்கத்து கண்ட்ரோல் ரூமில் கூட வேலை பார்க்கும் கலியமூர்த்தியின் கை கீபோர்டு பக்கம் போனதுமே லிடியா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னாண்ணே தேடுறீங்க?"

"பேனாம்மா. ஒன் பெல்ட்டு சும்மா சும்மா நின்னுக்கினே இருக்கு. டன் கொறைஞ்சா காண்ட்ராக்ட் ஆளுங்க எப்பதான் பர்மனன்ட் ஆயி குவாட்டர்ஸ் வாங்கறது?" முணுமுணுத்தபடியே நகர்ந்தார்.

இந்த ஆள்தான். சந்தேகமே இல்லை. நிலக்கரி ஏற்றிப் போகும் பெல்ட் எதுவானாலும் எழுபது டிகிரி சூடானால் தானாக நிற்க வேண்டும். போன வாரம் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ மெமரிக்குள் புகுந்து, மூன்றாம் பெல்ட்டின் எழுபதைத் தொண்ணூறாக்கிவிட்டார்கள்.

தீப்பிடிக்காமல் தப்பியது கர்த்தர் கிருபை. அந்த பெல்ட்டில்தான் அவள் கணவன் ஜெபினுக்குக் காண்ட்ராக்ட் வேலை!

அதனால்தான் குட்டியாக ஒரு காவல் புரோகிராம் எழுதியிருந்தாள். மெமரியில் இருக்கும் எல்லா பெல்ட்டின் டிகிரி எண்களையும் நிமிடத்துக்கு ஒரு முறை கூட்டிப் பார்க்கும். காலையில் வந்த மொத்தத்தோடு ஒத்துப்போகாவிட்டால் மணி அடித்து ஊரைக் கூட்டிவிடும்.

மதியம் அவளோடு சாப்பிட கண்ட்ரோல் ரூமுக்கு வந்த ஜெபினிடம் பெருமை தாங்காமல் சொன்னாள். "நம்ம ரெண்டு டிபன் பாக்ஸுல இருக்கிற இட்லியையும் சேர்த்து எண்ணுற மாதிரிதாங்க."

அவன் அவள் பாக்ஸிலிருந்து ஒரு இட்லியை எடுத்துத் தன்னுடையதில் போட்டுக்கொண்டான். "இப்ப?"

"ஐய, போங்க! மொத்தம் அதேதான்." சிரித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்து, பாக்ஸைக் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது ஜெபின் வேலைக்குப் போயிருந்தான். கலியமூர்த்தி மட்டும் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

சற்று நேரத்தில் ஜன்னல் வழியே கரும்புகை தெரிந்தது. பதறிப்போய்த் திரையைப் பார்த்தாள். மூன்றாம் பெல்ட், தொண்ணூறு. ரிப்பேராகி நின்று கிடந்த நான்காம் பெல்ட், ஐம்பது. மொத்தத்தில் மாற்றமே இல்லை.

"படுபாவி, என் புருஷன் அங்க இருக்காருய்யா!" என்று கலியமூர்த்தியைப் பார்த்துக் கத்திக்கொண்டே பெல்ட்டை நிறுத்தினாள். அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

கீழே மூன்றாம் பெல்ட்டுக்குப் போன் போட்டாள். நல்லவேளை, ஜெபினே எடுத்தான்.

"ஏங்க, ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"இப்பதான் டன் ஏறிச்சு, எதுக்குடி நிறுத்துன? இங்கேருந்து எடுத்து அங்கதானே போட்டேன், மொத்தம் மாறலியே!"