மூன்றாம் நம்பர் மெஷின்

இந்த வாரத்தில் நாலாவது தடவையாக மூன்றாம் நம்பர் மெஷின் படுத்துவிட்டது. ஆர்டர் இல்லாமல் அட்டைப்பெட்டிக் கம்பெனியே ஆட்டம் கண்டிருந்த நேரம். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, யார் தொட்டாலும் அசைய மாட்டேங்குது. நீங்கதான் வரணும்!" என்று ஹெல்பர் பையன் ஓடிவந்தான்.

"தள்ளி நில்லுங்கப்பா" என்று எரிந்து விழுந்தபடி அந்த மெஷினின் ஆபரேட்டர் உள்ளே குனிந்தார். பத்தே நிமிடம். மெஷின் ஓடியது.

"இன்னும் ஆளைக் குறைக்கப் போறாங்களாமே?" அன்று இரவு வீட்டில் சோறு போட்டபடியே மனைவி கேட்டாள்.

"என்னைத் தொட முடியாதுடி. நான் இல்லைன்னா அந்த மெஷின் ஓடாது."

மறுநாள் காலை மெஷின் மறுபடியும் நின்றது. மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மூணு மெஷின்ல ஒண்ணை மூடச் சொல்லிட்டாங்க. தினமும் மக்கர் பண்றதைத்தானே மூட முடியும்? அதோட ஆபரேட்டரையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"இருபது வருஷம் உழைச்சிருக்கேன் சார்!"

"நான் என்ன பண்ணட்டும்? மெஷின் ஒழுங்கா ஓடியிருந்தா உங்களை விட்டிருப்போமா?"

'அதுல ஒரு கோளாறும் இல்ல சார்!' என்று கத்த வாய்வரை வந்தது. முடியவில்லை. அன்று காலை யாரும் பார்க்காதபோது அவர் கழற்றிய திருகாணி, பேன்ட் பாக்கெட்டில் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது.