அகலக்கால்

"ஜீப்பை இவ்வளவு உயரமா தூக்கினா வளைவுல கவுந்துடும் சார். ஸ்பேசர் போட்டுடலாம். சக்கரம் ரெண்டு பக்கமும் வெளிய தள்ளி, அகலமா நிக்கும்," என்றார் மெக்கானிக்.

"போடுங்க. உயரம் மட்டும் குறையக் கூடாது," என்றான் கிளார்க்.

"காடு மேடெல்லாம் போவீங்களோ?"

"ஆபீசுக்குத்தான்."

மெக்கானிக் ஒரு மாதிரி பார்த்தார்.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கும் அவனுடைய மேனேஜர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெளியே துருத்திய பின்டயரில் கால் வைத்து, ஜம்மென்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"என் முட்டிவலிக்காகப் படியே வெச்சுட்டியேப்பா! வண்டி ஷெட்டுல இருந்ததால ஒரு வாரமா பஸ்ல நசுங்கிட்டேன். நாளையிலேருந்து எங்க வீட்டம்மாவும் வருவாங்க."

கிளார்க் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முழித்தான்.

இவருடைய ஓசிப் பயணத்தை ஒழிக்கத்தான் அவன் வண்டியையே தூக்கியிருந்தான்.