பிடிக்காத அறிவிப்பாளர்

“இவன் கதைக்கிறது தமிழோ? வாய்க்குள்ள அவிச்ச கிழங்கை வச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரி!” மூச்சு வாங்க வாங்க வானொலி அறிவிப்பாளரைத் திட்டினார் ஸ்ரனிஸ்லஸ்.

“எங்கட பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் இவரைத்தான் பிடிக்கும் அப்பா” என்றாள் பத்தாம் ஆண்டு படிக்கும் மகள் பிரியந்தினி.

“பிடிக்கும், பிடிக்கும்! ஒரு பாட்டுக்கு முன்னால ஒன்பது பகிடி, ஒன்பது இளிப்பு. குமர்ப்பிள்ளையளைப் பழுதாக்கிறதே இவன்தான்.”

“அப்ப நிப்பாட்டுங்கோவன். உங்களுக்கும் கை உளையுமெல்லோ.”

ஸ்ரனிஸ்லஸ் நிறுத்தவில்லை. போர்க்காலம்; வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை அவர் கையால் சுற்றச் சுற்றத்தான், டைனமோவின் மின்சாரத்தில் அந்த வானொலி பாடும்.

இன்னும் வேகமாகச் சுற்றியபடி மகளை அதட்டினார்:

“வாயை மூடு பிள்ளை! அவன் விட்ட பகிடி கேக்காமல் போட்டுது.”