மாண்டலினின் முதுகு

எதிர்க் கேசட் கடைப் பாட்டுக்கும் சிவாஜிநகர் பஸ்களின் ஹாரனுக்கும் நடுவே காதைத் தீட்டிக்கொண்டு, ஜெசிந்தா வாத்தியக் கடையில் அந்த மலிவு மாண்டலினை மீட்டுகிறாள். கழுத்தில் குறுக்காகப் பதித்த கீழ் மெட்டுகளில் நாதம் இனிமையாகத்தான் வருகிறது. விரல் மேலே ஏற ஏறச் சுருதி விலகுகிறது. தந்திகள் உயர்ந்து நிற்பதால் அழுத்திய விரல்நுனிகளில் கோடு விழுகிறது. அடுத்த மாதம் மாமியாராகப் போகும் மரியபுஷ்பம் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்க்கிறாள். "எப்படிம்மா இருக்கு? உனக்குப் பிடிச்சாதான்." கண்ணாடியைத் துடைத்தபடி கடைக்காரர், "இந்த ரேட்டுக்கு இவ்ளோ சவுண்டு எங்கயும் வராதும்மா" என்கிறார். வேறொன்று காட்டச் சொல்ல ஜெசிந்தா வாயெடுக்கிறாள். "பின்னாடி திருப்பிப் பாரு" என்கிறாள் மரியபுஷ்பம். வாசல் வெயில் விழுந்து பளபளக்கும் முதுகில், சீர்வரிசைப் பாத்திரத்தில் வெட்டுவதுபோல் புள்ளி புள்ளியாக எழுத்துகள்: திருமதி ஜெசிந்தா ஃபிராங்க்ளின். ஓரங்களில் வார்னிஷ் பெயர்ந்து அவள் மடியில் உதிர்கிறது. "காலையிலேயே காசு குடுத்து வாங்கி, பாத்திரக் கடையில எம் பையன் பேரோட சேத்து உம் பேர வெட்டி வச்சுட்டேன். சும்மா வாசிம்மா, கேப்போம்." ஜெசிந்தா மாண்டலினைத் திருப்பி மார்போடு அணைக்கிறாள். சுருதி விலகாத அந்தக் கீழ் மெட்டுகளுக்குள்ளேயே அடங்குகிற ஒரு பாட்டை மனத்துக்குள் தேடுகிறாள்.