ஆள் நுழையாத காடு

“தலைவரம்மா, அந்தக் காட்டுக்குள்ள மட்டும் யாரையும் ரோடு போட விட்டுடாத.”

“சரி சரி, நீங்க முதல்ல சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேருங்க.”

சிரித்துக்கொண்டே காட்டுக்குள் போன கணவர் ஆறு வருடமாகத் திரும்பவில்லை. தேடப் போனவர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். புருஷன் பெயரைச் சொல்லிப் பழகாத ஊராட்சித் தலைவி குமுதவல்லி மட்டும் ஓடைக்கரையில் நின்று “என்னங்க” என்றாள். காடும் “என்னங்க” என்றது.

இன்று கிராம சபையில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. இனி அந்தப் புறம்போக்குக் காட்டுக்குப் பாதை கிடையாது, எவரும் கால் வைக்கக் கூடாது. அவர் ஆசைப்பட்டதுதான்.

கையெழுத்துப் போட்ட பேனாவை மூடாமல், இத்தனை நாள் தொண்டையிலேயே நின்றதை, கூட்டத்துக்கு வந்திருந்த வனச்சரகரிடம் கேட்டாள்.

“இன்னிக்கு ஒரு தடவ உள்ள விடுங்க சார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்துடறேன்.”